முப்பத்தெட்டு உர்சுலாக்கள்

சுவிசேஷமுத்துவுக்கு இரண்டு வருடத்தில் இது நான்காவது வேலை. முதல் மூன்றும் போன விதத்தைப் பற்றி அவன் பேசுவதில்லை. அவன் மனைவி அற்புதமேரி பேசுவாள், தேதிவாரியாக. இதுவும் போனால் அடுத்தது என்ன என்பதில் வீட்டில் விவாதமே கிடையாது. அவளுடைய அண்ணன் ஆம்ப்ரோஸுக்குச் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன்கடை இருந்தது. விடிவதற்கு முன் போய் ஐஸ் உடைக்க வேண்டும், செதில் சீவ வேண்டும், குடல் உருவ வேண்டும். இரண்டாவது வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் நடுவில் அவன் அந்தக் கடையில் இரண்டு வாரம் நின்றான். மூன்றாம் நாளிலிருந்து பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பதினான்காம் நாள் ஒரு தெருப் பூனை அவன் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயிருந்து ஐந்தாம் மாடி வரை அவன் பின்னாலேயே வந்தது.

இப்போதைய வேலை ஜாலான் புசாரில், ஆணியும் கீலும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். கம்பெனி என்றால் முதலாளி பரமசிவம், ஒரு ஏர்கான், சுவிசேஷமுத்து. 1988ஆம் வருடம் அது. ஊரில் இருந்த ஆபீஸ்களெல்லாம் கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தன. பரமசிவம் மாதிரி ஆட்கள் அந்த யோசனையில் பிழைத்தார்கள்.

“முத்து, இது ஈஸி வேலை. உனக்குன்னே எடுத்தேன்,” என்றார் பரமசிவம், திங்கட்கிழமை காலையில். மேஜைமேல் இரண்டு பிளாப்பியும், செங்கல் தடிமனில் ஒரு புத்தகமும், ஒரு தாளும் இருந்தன.

ஆன்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி. அங்கே முப்பத்தெட்டு கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும் ‘போர்ட்ஹோல்’ என்ற புரோகிராமைப் போட வேண்டும். அதைப் போட்டு, கம்ப்யூட்டரை டெலிபோன் கம்பியோடு சேர்த்து, பக்க எண்ணைத் தட்டினால், எங்கோ இருக்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பக்கம் வரிவரியாகத் திரையில் இறங்கும். இன்றைக்கு எந்தக் கப்பல் வருகிறது, கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது, அமெரிக்க டாலர் என்ன விலை. அதுவரை ஒரு கப்பல் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள மூன்று பேருக்குப் போன் போட வேண்டியிருந்தது. அதில் இரண்டு பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

பரமசிவம் தாளைத் தள்ளினார். “முப்பத்தெட்டு மெஷின், முப்பத்தெட்டு வரி. ‘என் மெஷின்ல போட்டாச்சு, வேலை செய்யுது’ன்னு ஒவ்வொரு யூசரும் கையெழுத்துப் போடணும். கீழ ஆபீஸ் முத்திரை, சாப் குத்தணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குத் தாளு முழுசா என் மேஜைக்கு வந்துச்சுன்னா, உன் கன்பர்மேஷன் லெட்டர் ரெடி.”

“வரலேன்னா சார்?”

“உன் மச்சானுக்கு ஒரு போன் போட்டுடு.”

சுவிசேஷமுத்து பஸ்ஸில் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தான். எந்தப் புத்தகத்தையும் அவன் அப்படித்தான் படிப்பான். நடுவில் இருப்பதை ஊகித்துக்கொள்ளலாம் என்பது அவன் கட்சி. முதல் மூன்று வேலைகளும் அந்த நடுப்பக்கங்களில்தான் போயிருந்தன.

ஏஜென்சி பன்னிரண்டாம் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் எதிரில் இருந்த முதல் கம்ப்யூட்டரை நோக்கி நடந்தான். அங்கே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் பதுருன்னிசா இரண்டு கையையும் விரித்துத் திரையை மறைத்துக்கொண்டாள்.

“ஐயோ, எங்கிட்ட ஆரம்பிக்காதீங்க.”

“ஏன்?”

“அக்கா மெஷின்ல மொதல்ல போடுங்க. அதுக்கப்புறம் எங்க வேணா போடுங்க.”

“எந்த அக்கா?”

அவள் கண்ணால் மட்டும் காட்டினாள். கதவுக்கு நேர் எதிரே, எல்லா மேஜைகளும் தெரிகிற மாதிரி போட்டிருந்த ஒரு பெரிய மேஜையில், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு ஒரு அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஹெட் கிளார்க், மிஸஸ் உர்சுலா மேரி அலெக்சாண்டர். அந்த ஆபீஸில் முப்பது வருடம். அலெக்சாண்டர் என்று ஒரு கணவர் உண்மையிலேயே இருக்கிறார் என்பது கிறிஸ்துமஸ் விருந்தில் மட்டும் நிரூபணமாகும்.

பக்கத்து மேஜை வடிவேலு, கப்பல் பத்திரங்கள் தயாரிக்கும் கிளார்க், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். “தம்பி, புதுசா? இங்க எதுவா இருந்தாலும் அக்காவுக்குத்தான் மொதல்ல லா. புது கேத்தல் வந்தா மொதல் தண்ணி அக்காவுக்கு. புது ஸ்டேப்ளர் வந்தா மொதல் பின்னு அக்கா அடிக்கணும். போன வருஷம் ஒரு பையன் புது நாற்காலியில அக்காவுக்கு முன்னாடி உக்காந்துட்டான்.”

“என்ன ஆச்சு?”

“இப்ப ஊர்க்கோடியில துவாஸ் கிடங்குல இருக்கான்.” வடிவேலு குரலைத் தாழ்த்தினான். “அதுவும் இப்ப அக்கா ரொம்ப சூடா இருக்காங்க. ஜி.எம். அழகப்பன் சாரோட அண்ணன் மகன் மெல்பர்ன்ல படிச்சிட்டு வந்திருக்கு. அடுத்த மாசத்துலேருந்து அதுதான் கம்ப்யூட்டர் சூப்பர்வைசராம். அக்கா மேஜை அதுக்கு. அக்காவ உள்ள ஸ்டோர் ரூம் பக்கம் போடப்போறாங்க, பழைய பைல் எல்லாம் பாத்துக்கச் சொல்லி.”

“முப்பது வருஷத்துக்கப்புறமா?”

“கம்ப்யூட்டர் வந்திருச்சில்ல.”

சுவிசேஷமுத்துவுக்கு இதில் எதுவும் சம்பந்தமில்லை. அவனுக்கு வேண்டியது முப்பத்தெட்டு கையெழுத்து. உர்சுலாவின் மேஜைக்குப் போனான்.

“பேரு?” என்றாள்.

“சுவிசேஷமுத்து.”

“ஷார்ட் ஸ்ட்ரீட் மெத்தடிஸ்ட் சர்ச்சா?”

“பொறந்தது மெத்தடிஸ்ட் அக்கா. கட்டினது கத்தோலிக்.”

“அப்ப பாதி தேறிட்ட. என்னோட கப்பல் லிஸ்ட் எதையாவது இது தின்னுச்சுன்னா உன்ன விடமாட்டேன், தெரியும்ல?”

அவன் முதல் பிளாப்பியைச் செருகினான். டிரைவ் அரிசி புடைக்கிற மாதிரி சத்தம் போட்டது. பிறகு திரையில் ஒரு கேள்வி நின்றது. யூசர் பெயர் என்ன?

“பேரு கேக்குது அக்கா.”

“யாரு, மெஷினா?” உர்சுலா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். முகத்தில் இருந்த சூடு கொஞ்சம் தணிந்தது. “பரவாயில்லையே. ஒழுங்காக் கேட்டுட்டுத்தான் உள்ள வருது. அழகப்பன் சார் அண்ணன் மகன் இதுவரைக்கும் ஒரு குட்மார்னிங் சொல்லல. போடு. முழுப் பேரும் போடு.”

அவன் முழுப் பெயரையும் போட்டான். இரண்டாவது பிளாப்பியும் உள்ளே போய் வந்தது. மறுபடி ஓடவிட்டபோது பச்சை எழுத்தில் திரை நிறைய வந்தது: ‘நல்வரவு, உர்சுலா மேரி அலெக்சாண்டர். இந்தப் பிரதி உங்கள் உபயோகத்துக்கு மட்டுமே உரியது.’ உர்சுலா அதை இரண்டு தரம் படித்தாள்.

“ம்,” என்றாள். அந்த ஆபீஸில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

அடுத்தது பதுருன்னிசா மெஷின். அங்கே பெயர் கேட்கவில்லை. நேராகப் போட்டுக்கொண்டது. வடிவேலு மெஷினிலும் கேட்கவில்லை. ஆபீஸில் பெரியவர் ஒருவரிடம் மட்டும் மரியாதைக்குக் கேட்கும் போல என்று சுவிசேஷமுத்து நினைத்தான். அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை, ஆனால் ஒரு கேள்வி குறைந்தால் மெஷினுக்கு மூன்று நிமிஷம் மிச்சம். ஆட்கள் டீக்கு எழுந்து போகும் நேரம், சாப்பாட்டு நேரம், தொழுகை நேரம் எல்லாம் பார்த்து ஒவ்வொரு மேஜையாகப் போனான். போட்டு முடித்ததும் அணைத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்பது முறை. ஆனால் ஆட்கள் அதற்குள் திரும்பி வந்து, பாதியில் விட்ட கடிதத்தை முடிக்க வேண்டும் என்று துரத்தினார்கள். செவ்வாய்க்கிழமை மாலை முப்பத்தெட்டும் முடிந்தது. கடைசி மெஷின் ஜி.எம். அறையில். அழகப்பன் பினாங்கு போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார். அறையில் ஆளில்லாததால் அங்கே வேலை நிம்மதியாக நடந்தது.

“கையெழுத்து?” என்று தாளை நீட்டினான்.

“ஓடுதான்னு பாக்காம எப்படிப் போடுறது?” என்றாள் பதுருன்னிசா. “நாளைக்குக் காலையில வாங்க.”

எல்லோரும் அதையே சொன்னார்கள். நியாயம்தான்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் பன்னிரண்டாம் மாடியில் லிஃப்டை விட்டு வெளியே வந்தபோது ஆபீஸில் ஒரு சத்தமும் இல்லை. முப்பத்தாறு பேர் மேஜையில் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. ஒருவர் கையிலும் காப்பி இல்லை. எல்லோரும் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். திரைகளின் மேல்வரியைப் பார்த்தான்.

நல்வரவு, உர்சுலா மேரி அலெக்சாண்டர். நல்வரவு, உர்சுலா மேரி அலெக்சாண்டர். வரிசையாக, ஜன்னல் வரைக்கும்.

வடிவேலு அவன் சட்டையைப் பிடித்து ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் இழுத்தான். முகம் வெளுத்திருந்தது.

“என்ன வேலை பாத்திருக்க? மெஷினெல்லாம் அக்காவுக்குக் குடுத்துட்டியா?”

“இல்லண்ணே, அது வந்து...”

“நான் என்ன அடிக்கிறேன்னு அக்கா மெஷின்ல தெரியுமா?”

“தெரியாதுண்ணே.”

“அப்புறம் ஏன் எழுதியிருக்கு, இது உங்க உபயோகத்துக்கு மட்டும்னு? நான் ஃபோர்-டி லாட்டரி நம்பர் எல்லாத்தையும் ரெண்டு வருஷமா இதுல ஏத்தி வச்சிருந்தேன்யா. எந்த வாரம் எந்த நம்பர் வந்துச்சு, அடுத்து எது வரும்னு கணக்கு. காலையில வந்ததும் பயத்துல மொத்தமா அழிச்சிட்டேன்.”

பதுருன்னிசாவும் அழித்திருந்தாள். அவளுடையது வேறு கம்பெனிகளுக்கு எழுதி வைத்திருந்த பதினேழு வேலை விண்ணப்பங்கள். ஒவ்வொரு மேஜையிலும் ஏதோ ஒன்று அழிந்திருந்தது. ஒருவரும் என்னவென்று சொல்லவில்லை. ஆனால் அன்று காலை அந்த ஆபீஸின் கம்ப்யூட்டர்களில் கப்பலைத் தவிர வேறு எதுவும் இல்லை. இது கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து நடக்காத காரியம்.

உர்சுலா தன் மேஜையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள். தலையை நிமிர்த்தி எங்கோ ஒரு மேஜையைப் பார்த்தாள். பிறகு ஒரு சின்ன நோட்டில் எதையோ எழுதினாள். அந்த மேஜைக்காரர் வியர்த்துப்போனார். சுவிசேஷமுத்து அவள் பின்னால் போய் எட்டிப் பார்த்தான். நோட்டில், ‘தேங்காய்ப்பூ அரை கிலோ, பண்டான் இலை, அலெக்சாண்டருக்கு மாத்திரை’ என்று இருந்தது.

அவன் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தான். ஒன்பதாம் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள், பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முதல் தடவை கொடுக்கும் பெயர் பிளாப்பியிலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடும், அதன்பின் போடும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே பெயர்தான் வரும், அதனால் தனி ஆள் பெயரைக் கொடுக்காமல் கம்பெனியின் பெயரைக் கொடுக்கவும். பெயரை மாற்ற வேறு பிளாப்பி வேண்டும். ஹாங்காங்கிலிருந்து வரவேண்டும். இரண்டு வாரம்.

அவன் புத்தகத்தை மூடினான். கருவாட்டு வாசனை வந்த மாதிரி இருந்தது. அது கீழ்மாடிக்காரர்களின் சாப்பாடு.

தாளை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனான். பக்க எண்ணைத் தட்டிக் காட்டினான். பக்கம் வந்தது, கப்பல்கள் வந்தன, கடல் ஏறும் நேரம் வந்தது. எல்லாம் சரியாக ஓடியது. ஆனால் கையெழுத்து வரவில்லை.

“இதுல என்ன எழுதியிருக்கு? ‘என் மெஷின்ல’ன்னு எழுதியிருக்கு,” என்றாள் பதுருன்னிசா. “ஸ்கிரீன்ல யார் பேரு இருக்கு? அக்கா பேரு. அக்கா மெஷினை என் மெஷின்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அக்கா என்னைய கேக்கமாட்டாங்களா?”

“அது சும்மா பேரும்மா.”

“சும்மா பேரா? அவங்க முன்னாடி போய் இத சொல்லுங்க பாப்போம்.”

அவன் சொல்லவில்லை. வியாழக்கிழமை முழுக்க அலைந்ததில் தாளில் ஒரே ஒரு கையெழுத்து விழுந்தது. அதுவும் ஆபீஸைக் கூட்ட வந்த அஸ்மத், ஏதோ பார்சல் வந்திருக்கிறது என்று நினைத்துப் போட்டது. அதை வெள்ளை மையால் அழிக்க வேண்டியதாயிற்று.

வியாழன் மாலை உர்சுலா விரலால் அவனை அழைத்தாள்.

“உக்காரு. தாளைக் காட்டு.”

காட்டினான். கடைசி முயற்சியாக உண்மையைச் சொல்லிவிட்டான். ஒன்பதாம் பக்கம், ஹாங்காங், இரண்டு வாரம், கன்பர்மேஷன் லெட்டர், ஆம்ப்ரோஸ், மீன். எல்லாவற்றையும் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப இது தப்பா நடந்தது,” என்றாள்.

“ஆமாக்கா. நான்தான் படிக்கல.”

“ஜி.எம். மெஷின்லயும் என் பேரா?”

“ஆமாக்கா.”

உர்சுலா நாற்காலியில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள், ஜெபம் பண்ணுகிற மாதிரி. பிறகு பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

“மெஷினெல்லாம் யார் பேர்ல இருக்கோ அவங்கதானே கையெழுத்துப் போடணும்? முப்பத்தெட்டும் நானே போடுறேன். சாப்பும் என் டிராயர்லதான் இருக்கு. பரமசிவம் ஒண்ணும் சொல்ல முடியாது.”

“ரொம்ப தேங்க்ஸ்க்கா. இப்பவே...”

“நாளைக்கு. மூணு மணிக்கு ஜி.எம். ஒரு ஜப்பான் கஸ்டமரைக் கூட்டிட்டு வர்றாரு, இந்தக் கம்ப்யூட்டரைக் காட்ட. அண்ணன் மகனும் வரும். ஜி.எம். ரூம்ல மெஷினைப் போட்டா என் பேரு வரும். ஏன்னு கேப்பாரு. நீ பக்கத்துல இரு.”

“இருந்து என்ன சொல்றது?”

“பொறுப்பாளர் பேருன்னு சொல்லு. ஒரு ஆபீஸுக்கு ஒரு பொறுப்பாளர், சிஸ்டம் அப்படித்தான்னு சொல்லு.”

“அது பொய்யில்லையாக்கா?”

“முப்பது வருஷமா இந்த ஆபீஸுக்கு யாரு பொறுப்பு? இதுல பொய் எங்க இருக்கு? நீ பாதி கத்தோலிக்கு, உனக்குப் பாதி பாவம்தான் வரும்.” பேனாவின் மூடியை மறுபடி மாட்டினாள். “சொல்லிட்டு வா. அப்புறம் கையெழுத்து.”

அன்று வீட்டில் அற்புதமேரி எத்தனை கையெழுத்து ஆச்சு என்று கேட்டாள். முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றான். அவள் மேலே கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டால் அது நல்லதற்கில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அழகப்பன் வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, பினாங்கு வெயில். கூட ஒல்லியாக, வயதான ஒரு ஜப்பான்காரர். பின்னால் டை கட்டிய அண்ணன் மகன். நுழையும்போதே அழகப்பன் நின்றுவிட்டார். ஆபீஸே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தது. டெலிபோன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தார்கள். அவர் ஜி.எம். ஆகி பதினோரு வருடத்தில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. ஜப்பான்காரர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

எல்லோரும் ஜி.எம். அறைக்குள் போனார்கள். உர்சுலா கதவோரம் கையில் பைலோடு நின்றாள். சுவிசேஷமுத்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“நம்ம ஆபீஸ்ல கம்ப்யூட்டரெல்லாம் இனிமே இவர்தான் பாத்துக்கப்போறாரு,” என்று அழகப்பன் அண்ணன் மகனைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணன் மகன் டையைச் சரிசெய்தான். அழகப்பன் பட்டனைத் தட்டினார். கம்ப்யூட்டர் யோசித்தது. பிறகு திரை நிறையப் பச்சை.

நல்வரவு, உர்சுலா மேரி அலெக்சாண்டர்.

அழகப்பன் குனிந்து படித்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். சிரிப்பு மட்டும் வந்தவருக்காக முகத்திலேயே இருந்தது. அதே சிரிப்போடு தமிழில் கேட்டார்.

“தம்பி, என் மெஷின்ல ஏன்யா இவங்க பேரு?”

உண்மையைச் சொன்னால் வேலை போகும். பொய் சொல்லி மாட்டினாலும் சுவிசேஷமுத்துவுக்கு வேலை போகும், கொஞ்சம் மெதுவாக. பக்கத்தில் மெல்பர்னில் படித்தவன் ஒருவன் நிற்கிறான். ஒரே கேள்வியில் கிழித்துவிடுவான்.

“பொறுப்பாளர் பேரு சார்,” என்றான். குரல் யாருடையதோ போல இருந்தது. “ஒரு ஆபீஸுக்கு ஒருத்தர் பேர்ல ரெஜிஸ்டர் பண்ணணும். எல்லா மெஷின்லயும் அவங்க பேருதான் வரும். சிஸ்டம் அப்படித்தான்.”

அழகப்பன் அண்ணன் மகன் பக்கம் திரும்பினார். “அப்படியா?”

அண்ணன் மகன் மெல்பர்னில் படித்தது ஹோட்டல் நிர்வாகம். கம்ப்யூட்டர் அதில் ஒரு பாடம். அதுவும் இரண்டாம் முறை எழுதித் தேறியது. இது அவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். போர்ட்ஹோல் என்ற சொல்லையே அன்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தான். தெரியாது என்று சொல்ல ஒரு நொடி வாயைத் திறந்தான். சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சித்தப்பா,” என்றான். “ஸ்டாண்டர்ட் பிராக்டிஸ். மெல்பர்ன்லயும் அப்படித்தான்.”

“மாத்தலாமா?”

அதற்கும் அவன்தான் பதில் சொன்னான். “மாத்தக்கூடாது. செக்யூரிட்டி.”

சுவிசேஷமுத்துவுக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. தன் நாற்காலியின் காலைத் தானே இவ்வளவு சுத்தமாக அறுத்த ஒருவனை அவன் பார்த்ததில்லை.

ஜப்பான்காரர் திரையைக் காட்டி, யார் இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அழகப்பன் வேறு வழியில்லாமல் கதவுப் பக்கம் கை காட்டினார். இவ்வளவு ஒழுங்கான ஓர் ஆபீஸை நடத்துகிறவர் யார் என்று வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்ததாக அந்த மனிதர் சொன்னார். உர்சுலாவின் முன்னால் போய் இடுப்பு வரை குனிந்தார். இரண்டு கையாலும் தன் அட்டையை நீட்டினார். உர்சுலா திருப்பலியில் நற்கருணை வாங்குகிற மாதிரி அதை வாங்கிக்கொண்டாள்.

“பக்கம் நூத்திப் பன்னெண்டு தட்டுங்க சார்,” என்றாள் அழகப்பனிடம், அமைதியாக. “அவரோட கப்பல் அதுலதான் வரும்.”

அழகப்பன் தட்டினார். கப்பல் வந்தது.

கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது மணி நாலு பத்து. உர்சுலா அவசரப்படவில்லை. முப்பத்தெட்டு வரியிலும் முழுக் கையெழுத்து, வால் சுழித்து. பத்துக்கு ஒருமுறை விரலை உதறிக்கொண்டாள். நடுவில் வடிவேலு ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, அவள் நிமிரும் வரை வாய் திறக்காமல் நின்றான். சுவிசேஷமுத்து மாலை நேர நெரிசலை நினைத்து ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் சாப்பை எடுத்தாள். மை காய்ந்திருந்தது. அதற்கு மை ஊற்ற அஸ்மத்தைக் கூப்பிட்டு, அஸ்மத் மை பாட்டிலைத் தேடி, மணி நாலு முப்பத்தைந்து.

டாக்சி எடுத்தான். ஜாலான் புசார் முனையிலேயே நின்றுவிட்டது. இறங்கி ஓடினான். மாடிப்படி ஏறிப் பரமசிவத்தின் மேஜையில் தாளை வைத்தபோது அஞ்சுக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது.

பரமசிவம் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலே பார்த்தார்.

“ஏன்யா முப்பத்தெட்டும் ஒரே கையெழுத்தா இருக்கு?”

“ஒரே யூசர்தான் சார்.”

“முப்பத்தெட்டு மெஷினுக்கா?”

வேறு எங்கும் போக இடமில்லாததால் சுவிசேஷமுத்து இங்கேயும் உண்மையைச் சொன்னான். பரமசிவம் தாளை மேஜைமேல் வைத்தார். ஏர்கான் சொட்டிக்கொண்டிருந்தது.

“இப்பத்தான் அழகப்பன் போன் பண்ணினாரு,” என்றார் கடைசியில். “ஆபீஸ் வேலை இப்படி நடந்து அவர் பாத்ததே இல்லையாம். மலேசியாவுல போர்ட் கிளாங் கிளைக்கும் இதே போடணுமாம். இருபத்திரண்டு மெஷின். ‘பொறுப்பாளர் ரெஜிஸ்ட்ரேஷனோட வேணும்’னாரு. நம்மகிட்ட அப்படி ஒண்ணு இருக்கான்னு தெரியாம நானும் இருக்குன்னுட்டேன். இதுதானா அது?”

“இதுதான் சார்.”

“இது தப்புன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்கு, உங்களுக்கு, உர்சுலா அக்காவுக்கு. அப்புறம் ஒன்பதாம் பக்கம் படிக்கிறவங்களுக்கு.”

“அத எவன் படிப்பான்?”

இருவரும் யோசித்தார்கள். ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. பரமசிவம் டிராயரைத் திறந்து லெட்டரை எடுத்து, கையெழுத்துப் போட்டு, அவன் பக்கம் தள்ளினார்.

“திங்கக்கிழமை காலையில பஸ் ஏறிடு. போர்ட் கிளாங்குல இந்தத் தப்பை உன்னை விட்டா வேற யாராலும் ஒழுங்கா செய்ய முடியாது.”

அதற்குள் போன் அடித்தது. பரமசிவம் எடுத்துக் கேட்டு, அவனிடம் கொடுத்தார்.

“முத்து, போர்ட் கிளாங் போறியாமே,” என்றது உர்சுலாவின் குரல். “அங்க ஹெட் கிளார்க் ரத்தினம்மா. நல்ல பொம்பளை. ஆனா அவ அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிடுவா. அவ பேரைப் போட்டா அப்புறம் மாத்த முடியாம கஷ்டம்.”

“அப்ப யார் பேரு போடுறதுக்கா?”

“என் பேரையே போட்டுடு லா. எழுத்து எல்லாம் உனக்குத் தெரியும்ல.”

வைத்துவிட்டாள். அவன் அதே போனில் ஆம்ப்ரோஸின் வீட்டு எண்ணைச் சுழற்றினான்.

“மச்சான், எனக்குக் கன்பர்ம் ஆயிருச்சு. இனி மீன்கடைக்கு வர வேண்டியதில்ல.”

“என்ன மாப்ளே இப்படிச் சொல்றீங்க? செதில் சீவுற ஆளை நேத்தே வேலைய விட்டு நிறுத்திட்டேனே.”

“ஏன் நிறுத்தினீங்க?”

“அற்புதம்தான் புதன்கிழமை போன் பண்ணுச்சு. நீங்க நிச்சயமா வருவீங்க, ஆளை நிறுத்திடுன்னு. இப்ப ஐஸ் யாரு உடைக்கிறது?”

சுவிசேஷமுத்து லெட்டரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“உங்க தங்கச்சிக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சிருக்குன்னா,” என்றான், “அவளையே வரச்சொல்லுங்க மச்சான்.”

சொன்ன பிறகுதான், தனக்கு முன்னால் இந்தப் பேச்சு வீட்டுக்கு, அற்புதமேரியிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று தோன்றியது. மேஜைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்து, பத்தாம் பக்கத்தைத் திறந்து, நிதானமாகப் படிக்க ஆரம்பித்தான்.